வாடிக்கை

இங்கிலாந்தில் ஒரு பப்பின் கல்லாவுக்குப் பின்னால் நின்று பீர் வார்ப்பவரை ‘லேண்ட்லார்ட்’ என்பர், பெண்ணாயின் ‘லேண்ட்லேடி’. ஆங்கிலத்தை ஏட்டில் கற்றவருக்கு இச்சொல் நிலமும் வீடும் உடையவரைக் குறிக்கும். மாதம் பிறந்தால் வாடகை கேட்டு வருபவர் அவர். பப்பின் லேண்ட்லார்டோ பல இடங்களில் வாடகை கொடுப்பவர். கட்டடம் ஏதோவொரு பீர் ஆலைக்கோ, நூற்றுக்கணக்கில் பப்புகளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கோ சொந்தமாயிருக்கும். மாடியில் குடியிருந்து கீழே வியாபாரம் பார்ப்பவர் அதன் குத்தகைதாரர் மட்டுமே. குடித்தனக்காரரை வீட்டுக்காரர் என்று ஊரே அழைக்கும் இந்த விந்தையை ஆங்கிலேயர் எவரும் விந்தையாகக் கருதுவதில்லை. தமிழில் ஒரு பெண் ‘எங்க வீட்டுக்காரர்’ என்னும்போது வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று நாமும் கேட்பதில்லை. பத்திரம் வேறு, புழக்கம் வேறு. சொல் புழக்கத்தின் பக்கமே சாய்கிறது.

பத்திரத்துக்கும் புழக்கத்துக்கும் இடையிலான இவ்விடைவெளி அன்றாடம் கண்ணில் படுவதில்லை. பப் ஒன்று கைமாறும்போதுதான் அது வெளிப்படும்.

கைமாறும் நாளுக்கு ஒரு சடங்குமுறை உண்டு. காலையில் கதவு திறக்குமுன் சரக்குக் கணக்கெடுப்பவர் வருவார். நிலவறையில் எத்தனை பீப்பாய், அவற்றுள் திறந்தது எது, திறவாதது எது, அலமாரியில் எத்தனை புட்டி, விஸ்கி எவ்வளவு மிச்சம் என்று அளந்து எழுதுவார். பிறகு மதிப்பீட்டாளர், சில வேளை வெளியேறுபவருக்கு ஒருவரும் உள்ளே வருபவருக்கு ஒருவருமாக இருவர். நாற்காலி, மேசை, கண்ணாடிக் கோப்பை, அடுப்பு, குளிர்பெட்டி, திரைச்சீலை என அனைத்துக்கும் விலையிட்டுப் பட்டியலாக்குவர். வருபவர் அதற்குரிய தொகையைச் செலுத்திச் சாவிக்கொத்தை வாங்கிக்கொள்வார். வேலையாட்கள் பெரும்பாலும் கூடவே கைமாறுவர். தொழில் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போகையில் பணியாளரின் பழைய நிபந்தனைகள் தொடர வேண்டும் என்பது பிரிட்டனில் சட்டம். வாசல் நிலைக்கு மேலே உரிமம் பெற்றவரின் பெயரை எழுதிவைப்பது முன்பு கட்டாயம். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்துக்குப் பின் அக்கட்டாயம் போய்விட்டது. எனினும் பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதும் வழக்கத்தை விடாத பப்புகள் இன்னும் உண்டு. ஒரு பகற்பொழுதுக்குள் எல்லாம் முடிந்து, மாலையில் கதவு திறந்துவிடும்.

முதல் ஆள் உள்ளே வருகிறார். தொப்பியைக் கழற்றுகிறார். ‘யூஷுவல்’ என்கிறார். வழக்கமானது.

நேற்றுவரை இச்சொல்லுக்குப் பொருள் இருந்தது, இன்று இல்லை. ‘இது’, ‘அது’, ‘இங்கே’, ‘நாளை’ போன்ற சுட்டுகளின் பொருளை அகராதி தராது, பேசும் சூழல்தான் தரும் என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். ‘வழக்கமானது’ என்பதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ‘இது’ என்றால் விரல் நீட்டிக் காட்டலாம். ‘வழக்கமானது’ சுட்டும் பொருள் கேட்பவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. இருபது வாடிக்கையாளர் அதே சொல்லைச் சொல்வர். இருபதுக்கும் வெவ்வேறு பொருள். ஒருவருக்கு அரை பைண்ட் மைல்டு. மற்றவருக்குக் கைப்பிடி வைத்த கோப்பையில் பிட்டர். கைப்பிடியில்லாத கோப்பையில் கொடுத்தால் அது அவருடைய வழக்கமானது ஆகாது. இவ்வளவையும் கல்லாவுக்குப் பின்னால் ஒரே தலை சுமந்திருந்தது. அத்தலை காலையில் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டது. புதியவர் முறுவலோடு, ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்கிறார். மரியாதையான கேள்விதான். பதினைந்து ஆண்டுகளாக எவரும் அப்படிக் கேட்டிராத மனிதருக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை வேறில்லை.

‘வாடிக்கை’ என்னும் தமிழ்ச் சொல் இவ்விடத்துக்கு நன்கு பொருந்துகிறது. வழக்கமும் வாடிக்கை, வழக்கமாக வருவதும் வாடிக்கை. வாடிக்கையாளர் என்றால் அடிக்கடி வந்து போகிறவர் என்பதே இயல்பான பொருள். இன்று வங்கியும் கைப்பேசி நிறுவனமும் முதன்முறை வருபவரையும் ‘அன்பான வாடிக்கையாளரே’ என்று விளிக்கின்றன, சொல் தேய்ந்துவிட்டது. ஆங்கிலம் இவ்விரண்டையும் இன்னும் பிரித்தே வைத்திருக்கிறது: ‘கஸ்டமர்’ எவரும் ஆகலாம், ‘ரெகுலர்’ ஆகக் காலம் பிடிக்கும். அவ்வாறே ‘லோக்கல்’ என்ற பெயரடை அங்கே பெயர்ச்சொல்லாகி, ‘என் லோக்கல்’ என்றாலே ‘என் தெருப் பக்கத்து பப்’ என்று பொருள்படும் அளவுக்குச் செல்லம் பெற்றது. அதே சொல் சென்னைக்கு வந்து ‘அவன் ஒரு லோக்கல்’ என்று வசைச்சொல்லானது தனிக் கதை.

மாலினோவ்ஸ்கி 1923இல் எழுதிய கட்டுரையொன்றில், செய்தி சொல்வதற்காக அன்றி உறவைப் பேணுவதற்காகவே பேசப்படும் பேச்சு என்றொரு வகையைப் பிரித்துக் காட்டினார். வானிலை, முழங்கால் வலி, சனிக்கிழமைப் பந்தாட்டம் என்று ஆங்கிலேயப் பப்பில் நடக்கும் பேச்சின் பெரும்பகுதி இவ்வகையே. கேட்பவர் ஏற்கெனவே அறியாத எதுவும் அதில் இல்லை. புதிய நிர்வாகம் வரும்போதோ பெரும்பாலும் செய்தியோடு வருகிறது: கரும்பலகையில் புதிய உணவுப் பட்டியல், சுவரில் சாம்பல் நிறப் பூச்சு, மேசைக்கு மேசை விளம்பர அட்டை. சொல்வதற்கு அதனிடம் நிறைய உண்டு. முழங்கால் வலியை விசாரிக்க ஆள் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு மாஸ் அப்சர்வேஷன் என்னும் ஆய்வுக் குழுவினர் லங்காஷயரின் போல்ட்டன் நகர பப்புகளில் உட்கார்ந்து, ஒரு பைண்டைக் குடித்து முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பது உட்பட அனைத்தையும் குறித்தனர். 1943இல் அது நூலாயிற்று. வீட்டையும் வேலையிடத்தையும் விட்டால் அந்நகர மக்கள் அதிக நேரம் செலவிடும் கட்டடம் பப்பே என்று அவர்கள் கண்டனர். தேவாலயமும் திரையரங்கும் நடன மண்டபமும் பின்தங்கிவிட்டன. பீருக்காக மட்டும் அவ்வளவு நேரம் எவரும் உட்காரமாட்டார்.

மதிப்பீட்டாளரின் பட்டியலில் இடம்பெறாதவற்றை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். விட்டத்துக் கொக்கியில் தொங்கும் ஈயக்கலவைக் குவளைகள் பப்பின் உடைமையல்ல. ஒவ்வொன்றும் ஒரு வாடிக்கையாளருடையது, இறந்துபோனவர் ஒருவருடையதும் அவற்றுள் இருக்கலாம். கணப்பருகே உள்ள நாற்காலிக்கு விலையிட்டாயிற்று. அது இன்னாருடைய நாற்காலி என்பதற்கு விலையில்லை. ஈட்டியெறியும் அணி, வியாழக்கிழமை வினாடி வினா, நாய்க்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம், ‘பலகையில் எழுதிக்கொள்’ என்னும் கடன் கணக்கு எதுவும் பட்டியலில் இல்லை. நிலவறை நுணுக்கமும் அப்படியே. மரபான ஏல், பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கும் பீர். ஆலையை விட்டு வந்த பிறகும் உள்ளே நொதித்துக்கொண்டிருக்கும். அதை 11 முதல் 13 பாகை வெப்பத்தில் அசையாமல் வைத்து, மேலே சிறு மரமுளை செருகி வாயு கசியவிட்டு, தெளிந்த பிறகு குழாய் பூட்ட வேண்டும். பூட்டிய மூன்று நாளுக்குள் விற்றுத் தீராவிட்டால் சுவை கெடும். எந்தப் பீப்பாய் எந்நாள் முடியும் என்பது, யார் எந்நாள் வருவார் என்பதை அறிந்தவருக்கே தெரியும். ஆதலால் ஆட்களை மறந்த நிலவறையில் பீரும் புளிக்கும். இதை உருவகமாகக் கொள்ள வேண்டியதில்லை, நேரான கணக்கு.

இவ்வளவு நுட்பமான ஒன்று ஏன் ஓயாமல் கைமாறுகிறது என்பதற்கு ஒரு பொருளாதார வரலாறு உண்டு. 1830ஆம் ஆண்டின் சட்டமொன்று, வரி செலுத்தும் எவரும் ஆண்டுக்கு 2 கினி கட்டணத்தில் பீர் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பீர் ஆலைகள் போட்டியிட்டு பப்புகளை வாங்கித் தம் சரக்கை மட்டுமே விற்க வேண்டும் என்று பிணைத்துக்கொண்டன. பிணையுண்ட குத்தகைதாரர் இருவகை வாடகை தருவார். கட்டடத்துக்குத் தருவது உலர் வாடகை. வெளிச்சந்தையைவிட அதிக விலைக்கு முதலாளியிடமே பீர் வாங்குவதன் மூலம் தருவது ஈர வாடகை. இப்பெயர்களை வைத்தவர் யாரோ, கணக்குப்பிள்ளையாக இருந்தும் கவியாக இருந்திருக்கிறார்.

ஆலைகளின் பிடியைத் தளர்த்த 1989இல் அரசு ஆணைகள் பிறப்பித்தது. 2000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த ஆலைகள், அவ்வெல்லையைத் தாண்டியவற்றில் பாதியை 1992க்குள் விற்கவோ பிணையிலிருந்து விடுவிக்கவோ வேண்டும் என்றது. ஆலைகள் விற்றன. வாங்கியவர்கள் பீர் காய்ச்சத் தெரிந்தவர்கள் அல்லர். பப் என்னும் கட்டடத்தை முதலீடாகக் கண்ட நிறுவனங்கள். அவையும் குத்தகைதாரரைப் பிணைத்தன, கடன் வாங்கிப் பெருத்தன, ஒன்றையொன்று விழுங்கின. 2016இல் பெரு நிறுவனங்களுக்கென ஒரு நடத்தை விதித்தொகுப்பும் அதைக் கண்காணிக்க ஒரு நடுவரும் தேவைப்படும் அளவுக்கு நிலைமை வந்தது. ஒடுக்குமுறையைக் குறைக்க எழுதப்பட்ட சட்டம் ஒடுக்குபவரை மட்டும் மாற்றிய கதைகளில் இதுவும் ஒன்று.

இந்தப் பின்னணியில் லூயிஸ் நகரத்துக்குப் போகலாம்.

கிழக்கு சசெக்ஸின் தலைநகரான லூயிஸ் ஒரு சிறிய மேட்டு நகரம். 1555 முதல் 1557 வரை இங்கே 17 புராட்டஸ்டண்டுகள் உயிரோடு எரிக்கப்பட்டனர். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 5ஆம் நாள் தெருவெங்கும் தீப்பந்தம் ஏந்தி ஊர் அதை நினைவுகூர்கிறது. தாமஸ் பெய்ன் 1768 முதல் 1774 வரை இங்குதான் வாழ்ந்தார். அமெரிக்கப் புரட்சிக்கு எழுதுகோல் தந்த அம்மனிதர் லூயிஸில் பார்த்த உத்தியோகம் சுங்கத்தீர்வை அதிகாரி. பீருக்கும் சாராயத்துக்கும் வரி கணக்கிடுவது அவ்வேலையில் அடக்கம். இந்நகரத்து ஊஸ் ஆற்றங்கரையில் 1790 முதல் நடந்துவரும் ஹார்வீஸ் என்னும் குடும்ப ஆலை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் வெள்ளத்தில் ஆறு ஆலைக்குள் புகுந்தது. ஆளில்லாத கலன்களில் பீர் தானே நொதித்து முடிந்தது. அதை ஊற்றிவிடாமல் ஆற்றின் பெயரையே சூட்டி விற்றனர். ஊரும் வாங்கிக் குடித்தது. ஊருக்கும் ஆலைக்கும் இருந்த உறவு அத்தகையது.

அவ்வூரின் கோட்டை மேட்டடியில் இருப்பது லூயிஸ் ஆர்ம்ஸ். சிறு சிறு அறைகள் கொண்ட பழைய பப். பட்டாணியை யார் அதிக தூரம் எறிவது என்ற ‘உலகப் போட்டி’யும், பீரில் தோய்த்த துணியைக் கம்பால் வீசி வட்டமாக ஆடுவோர்மேல் அடிக்கும் விளையாட்டும் நடக்கும் இடம். இவ்விளையாட்டுகளில் வெற்றி பெறுவதால் எவருக்கும் எப்பயனும் இல்லை. அதனாலேயே அவை நெடுங்காலம் நிலைத்தன. உள்ளூர் நிறுவனமொன்றின் கையில் இருந்த இந்த பப், 1998இல் அந்நிறுவனத்தோடு சேர்ந்து கிரீன் கிங்கின் உடைமையாயிற்று. கிரீன் கிங் 1799 முதல் சஃபோக் வட்டாரத்து பரி செயின்ட் எட்மண்ட்ஸில் பீர் காய்ச்சும் பெரிய ஆலை. சாலைவழி நூறு மைலுக்கு மேல். எட்டாண்டுக் காலம் பெரிய சச்சரவு எதுவுமில்லை. கல்லாமேல் கிரீன் கிங்கின் ஐ.பி.ஏ.யும் ஹார்வீஸின் பிட்டரும் அருகருகே இருந்தன. வருவோர் தம் விருப்பப்படி ஹார்வீஸைக் குடித்தனர்.

2006 டிசம்பரில் ஹார்வீஸ் நீக்கப்பட்டது.

நிறுவனத்தின் கோணத்தில் இதில் புதுமை ஏதும் இல்லை. தன் கடையில் தன் சரக்கு. எந்த வணிகரும் செய்வதே. சட்டப்படியும் குறை சொல்ல இடமில்லை. நீக்கப்போவதை அறிந்து ஊரார் விண்ணப்பம் கொடுத்தனர். பயனில்லை. பிறகு அவர்கள் செய்தது எளிய காரியம்: உள்ளே போகவில்லை. குளிர்காலத்தில் பப்பின் வாசலுக்கு வெளியே முறைவைத்து நின்று, வருபவரிடம் காரணத்தை விளக்கினர். விளக்கம் கேட்டவர்களில் பலர் திரும்பிப் போயினர். வாடிக்கையாளர் வெளியே, பப் உள்ளே வெறிச்சோடி. தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் நார்மன் பேக்கர் ஆதரவு தெரிவித்தார். தேசிய நாளேடுகள் எழுதின. 133 நாள்கள் கழித்து, 2007 ஏப்ரலில் ஹார்வீஸ் திரும்பி வந்தது.

செய்தித்தாள்கள் இதை ‘பீர்ப் போர்’ என்று சிரித்தபடி எழுதின. அச்சிரிப்பில் ஒரு பிழை இருந்தது. சுவைக்காக மட்டும் எனில் நகரத்தில் வேறு பப்புகளில் ஹார்வீஸ் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் அங்கே போய்க் குடித்துவிட்டு வீடு சென்றிருக்கலாம். மேட்டடிக்கு வந்து குளிரில் நின்றிருக்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்டது பீரை மட்டுமல்ல. ‘வழக்கமானது’ என்ற சொல்லின் பொருளைத் தம்மைக் கேளாமல் தலைமையகத்திலிருந்து ஒருவர் மாற்றி எழுதலாமா என்பதே கேள்வி. பத்திரத்தின்படி அவர்கள் எவருக்கும் அங்கே ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. அப்பத்திரத்தைக் கையில் வைத்திருந்தவரிடம் 133 நாளும் இருந்தது செங்கல் மட்டுமே.

அவர்கள் ஏந்திய ஆயுதத்தின் பெயரும் கவனிக்கத்தக்கது. ‘பாய்காட்’ என்பது ஓர் ஆளின் பெயர். 1880இல் அயர்லாந்தின் மேயோ வட்டாரத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்த முகவர் கேப்டன் சார்ல்ஸ் பாய்காட். குத்தகையைக் குறைக்க மறுத்ததற்காக ஊரே அவரோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியது. வேலைக்கு ஆளில்லை, கடையில் சரக்கில்லை. நிலக்கிழாருக்கும் குடியானவருக்கும் நடந்த சண்டையில் பிறந்த அச்சொல், ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, லேண்ட்லார்ட் என்ற சொல் தலைகீழாகிவிட்ட ஓரிடத்தின் வாசலில் வந்து நின்றது.

ஊரார் ஒதுக்கிய ஐ.பி.ஏ.யின் விரிவு ‘இந்தியா பேல் ஏல்’. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் இருந்த வெள்ளைக்காரருக்காகக் கப்பலேறிய பீர் வகை அது. முதலில் லண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலை, 1820களிலிருந்து பர்ட்டன் நகரத்து ஆல்சாப், பாஸ் ஆலைகள் அதை அனுப்பின. கிரீன் கிங் அன்று அப்பெயரில் விற்றது 3.6 விழுக்காடு சாராயமுள்ள மென்மையான பிட்டர். அதற்கும் இந்தியாவுக்கும் பெயரளவு உறவே. எப்படியோ, ‘இந்தியா’ வெளியே போ, பக்கத்துத் தெரு உள்ளே வா என்று லூயிஸ்காரர் சொன்னதாக இதை வேடிக்கையாகப் படிக்கவும் இடமுண்டு.

அந்த வேடிக்கையை அப்படியே விட்டுவிட முடியாது. வாடிக்கையாளரின் உரிமை என்பது லூயிஸில் அழகாகத் தெரிகிறது. அதே உரிமை, அங்கிருந்து வடமேற்கே பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெத்திக்கில் வேறு முகம் காட்டியது. ‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் குறுக்கம்; பொது இல்லம். பொது என்பது யார்?

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் ஸ்மெத்திக்கின் வார்ப்படச் சாலைகளில் உருகிய இரும்போடு வேலை செய்தனர். வேலை முடிந்து தாகத்தோடு பப்புக்குப் போனால், சில இடங்களில் உள்ளே விடுவதில்லை. சில இடங்களில் ஓர் அறை மட்டும் அவர்களுக்கு, நல்ல இருக்கையும் விரிப்பும் உள்ள மற்ற அறை வெள்ளையருக்கு. பழைய வாடிக்கையாளர் முகம் சுளிப்பர், போய்விடுவர் என்பது உரிமையாளர்கள் சொன்ன நியாயம். லூயிஸில் நிறுவனத்தைப் பணியவைத்த அதே பலம்தான் இது. வாடிக்கையாளர் விலகிவிடுவார் என்ற அச்சம், 2007இல் ஒரு பீரைத் திரும்பக் கொண்டுவந்தது. 1960களில் ஒரு கூட்டத்தை வாசலில் நிறுத்தியது. வழக்கம் என்ற சொல்லைப் புகழ்பவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

1964 பொதுத் தேர்தலில் நாடெங்கும் தொழிற்கட்சி வென்றபோது, ஸ்மெத்திக்கில் மட்டும் குடியேறிகளுக்கு எதிரான கசப்பு மிகுந்த பிரசாரத்தின் பின் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பீட்டர் கிரிஃபித்ஸ் வென்றார். இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் ஜௌல் இதற்கிடையே பப்புகளின் நிறத்தடையை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார். அவரும் ஒரு வார்ப்படத் தொழிலாளியே. 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் ஸ்மெத்திக்குக்கு வந்தார். வீடுகள் வெள்ளையருக்கே போய்ச்சேர வேண்டும் என்று கேட்கப்பட்ட மார்ஷல் தெருவில் நடந்தார். ஜௌல் அவரை நிறத்தடை கடைப்பிடித்த புளூ கேட்ஸ் என்னும் பப்புக்கு அழைத்துச் சென்றார். ஒன்பது நாள் கழித்து மால்கம் எக்ஸ் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் இனஉறவுச் சட்டம் வந்து, பப் போன்ற பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பதைத் தடை செய்தது.

சட்டம் கதவைத் திறந்தது, நாற்காலியைத் தரவில்லை. அதற்குப் பின் நடந்ததைத் திட்டமிட்டவர் எவருமில்லை. 1980களில் வார்ப்படச் சாலைகள் மூடப்பட்டன. வேலையோடு சேர்ந்து, வேலை முடிந்து குடிக்க வந்தவர்களும் குறைந்தனர். ஒரு காலத்தில் ஒருவரை ஒதுக்கும் வசதி இருந்த பப்புகளில் ஒதுக்குவதற்கே ஆளில்லை. குத்தகை எடுக்க ஆளின்றிக் கிடந்த அவற்றை, ஆலை மூடியபோது கிடைத்த ஈட்டுத்தொகையையும் உறவினர் தந்ததையும் கொண்டு பஞ்சாபியர் சிலர் ஏற்றனர். கணக்கெடுப்பவரும் மதிப்பீட்டாளரும் வந்தனர், பட்டியல் போட்டனர், சாவி கைமாறியது. இம்முறை லேண்ட்லார்ட் ஒரு சிங்.

புதிய நிர்வாகம் பழைய பப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடக் கடினமான தேர்வு இருந்திருக்க முடியாது. எஞ்சியிருந்த வெள்ளைய முதியவர்களின் நாற்காலியை அவர்கள் அகற்றவில்லை. ஈட்டிப் பலகை அங்கேயே இருந்தது. மைல்டும் பிட்டரும் குழாயில் வந்தன. சமையலறையில் மட்டும் வேறொன்று நடந்தது: காய்ந்த இரும்புத் தட்டில் வெங்காயத்தின் மேல் சீறிக்கொண்டு வரும் கோழி டிக்காவும் சீக் கபாபும் சேர்ந்த ‘மிக்ஸட் கிரில்’. முதலில் அது பஞ்சாபியருக்காக வந்தது. கடக்கும்போது எழும் மணம் தன் வேலையைச் செய்தது. இன்று ‘தேசி பப்’ என்றால் மேற்கு மிட்லாண்ட்ஸில் அனைவருக்கும் விளங்கும். வெள்ளையரும் கரீபியரும் பஞ்சாபியரும் ஒரே திரையில் பந்தாட்டம் பார்க்கும் இடம்.

இவ்விடங்களை மரபான ஆங்கிலேய பப் அல்ல என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பீரையும் கறியையும் பார்க்கிறார்கள், கல்லாவைப் பார்ப்பதில்லை. வந்தவரின் பெயரும் அவர் குடிப்பதும் உட்காருமிடமும் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரியும் என்பதே அம்மரபு எனில், அதைக் காப்பாற்றியவர்கள் இவர்கள்.

லூயிஸ் ஆர்ம்ஸ் பின்னர் கிரீன் கிங்கிடமிருந்து லண்டனின் ஃபுல்லர்ஸுக்குப் போயிற்று. ஃபுல்லர்ஸ் 2019இல் தன் பீர் ஆலையை ஜப்பானின் அசாஹிக்கு விற்றுவிட்டு, பப்புகளை மட்டும் வைத்துக்கொண்டது. அதே ஆண்டில் கிரீன் கிங்கை ஹாங்காங்கின் லீ கா ஷிங் குடும்பத்து நிறுவனம் வாங்கியது. உள்ளூர்ச் சரக்குக்காக நடந்த சண்டையில் எதிரே நின்ற முதலாளி இன்று வேறொரு கண்டத்தில் இருக்கிறார்.

வெஸ்ட் பிராம்விச்சில் ரெட் லயன் என்றொரு தேசி பப் இருக்கிறது. இங்கிலாந்தில் மிகுதியாகக் காணப்படும் பப் பெயர்களில் அதுவும் ஒன்று. குத்தகை எடுத்தவர்கள் பெயரை மாற்றவில்லை. உள்ளே வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று பிற்காலத்தில் பொருத்தப்பட்டது. பஞ்சாபிலிருந்து வந்து அவ்வூரில் வேர்விட்டவர்களின் வாழ்க்கை அதில் துண்டு துண்டாகத் தீட்டப்பட்டிருக்கிறது. வெளியே பலகையில் சிவப்புச் சிங்கம் அப்படியே நிற்கிறது.